வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை

எனக்கு உட்காரத் தெரியாது. தையல்காரி உட்காராமல் எப்படித் தைப்பாள் என்று கேட்பீர்கள். கால் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் வரை சரி, அது நின்றால் நானும் எழுந்துவிடுவேன். இப்போது வாங்கியிருப்பது மோட்டார் மெஷின். மிதிக்கிற வேலையும் போயிற்று. அதனால் நாளெல்லாம் எழுந்து எழுந்து வாசலுக்குப் போகிறேன். வாசலில் ஏரி இருக்கிறது.

அம்பத்தூரில் எங்கள் பழைய கடைத்தெரு இந்த ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. குப்பை கொட்ட மட்டும் அந்தப் பக்கம் திரும்புவோம். ஜாக்கெட் தைக்கும் என் கடையும் அக்காவின் வளையல் கடையும் ஒட்டியிருந்தன, நடுவில் ஒரே சுவர். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். அவள் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. நான் வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். என் பேச்சைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவள் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். புடவைக்கு ஃபால்ஸ் அடித்து முடித்ததும் சுவரில் ஒரு தட்டு தட்டுவேன். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து மறுமுனையைப் பிடிப்பாள். இருவருமாக உதறி மடிப்போம். அவள் பிடித்தால் ஓரம் பிசகவே பிசகாது.

பிறகு ஒரு கட்டடக் கம்பெனியின் திட்டம் வந்தது. கடைத்தெருவை மொத்தமாக இடித்துவிட்டு, ஏரியைப் பார்த்தபடி கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள், கரையோரம் நடைபாதை. அவர்கள் காட்டிய படத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது. இது எந்த ஊர் ஏரியோ என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது, பொய் சொல்வானேன். கீழ்த்தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு கடை கிடைத்தால் போதும். மாடிக்குப் போனால் தொலைந்தோம். ஜாக்கெட் அளவு கொடுக்கவும் ஒரு டஜன் வளையல் வாங்கவும் யார் படியேறி வருவார்கள்?

பழைய கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கல்யாண மண்டபத்துக்கு வந்து, கீழ்த்தளத்தில் பிடித்த கடைக்குக் கையெழுத்துப் போடலாம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆளுக்கு ஒரு கடைதான், அவரவரே நேரில் வர வேண்டும். இதுதான் கம்பெனி சொன்னது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை என்ன நேரம் என்று, வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுத்தமான ராகு காலம். வேண்டுமென்றே வைத்தார்களா, தெரியாமல் வைத்தார்களா என்ற சண்டை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. நேரத்தை மாற்றச் சொல்லிப் போனவர்களை மேனேஜர் சிரித்தே அனுப்பிவிட்டாராம்.

அன்றைக்குக் கல்யாண மண்டபத்து வாசலில் கடைத்தெருவே நின்றது. மண்டபத்துக்கு உள்ளே ஈ, காக்கா இல்லை. பிரியாணிக் கடை பாய் மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, எங்களை என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். பன்னிரண்டு அடித்ததும் நாம்தான் முதலில் நுழைவோம் என்று எல்லோரும் தைரியமாக இருந்தார்கள். எதிரே ஏசி போட்ட கார்களில் உட்கார்ந்திருந்தவர்களின் கையில் பன்னிரண்டு மணி வரிசைக்கு ஏற்கெனவே டோக்கன் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததைக் கத்திச் சொன்னேன். ராகு காலத்தில் ஒருத்தி உள்ளே போனாலும் தெருவுக்கே ஆகாது என்றார் பாத்திரக்கடைக்காரர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி பதினொன்றரையைத் தாண்டியதும், ஆனது ஆகட்டும் என்று விறுவிறுவென்று உள்ளே போய்விட்டேன்.

ஏரியைப் பார்த்த கடை ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கடையை அக்காவுக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவரே வரட்டும் மேடம் என்றார்கள். வெளியே ஓடினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. படியில் நின்றிருந்த அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“பக்கத்துக் கடை காலியாத்தான் இருக்கு, வாங்கக்கா. எனக்கு ஒண்ணும் ஆகலை, பாருங்க.”

“கைய இஸ்காதடி,” என்றாள். “அவரு வண்டி எட்த்தது ராவு காலத்துல. நானு வாணாம்னு சொன்னேன், சிரிச்சாரு. நீ நல்லா இரு. என்னால முடியாது.”

அவள் வீட்டுக்காரர் புது வண்டி எடுத்த அதே வாரம் பூந்தமல்லி ரோட்டில் அடிபட்டுப் போய்விட்டார். அது எனக்குத் தெரிந்த கதைதான். அவள் கை சில்லிட்டிருந்தது. விட்டுவிட்டேன்.

பன்னிரண்டுக்கு டோக்கன்காரர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். அக்காவின் முறை வந்தபோது முதல் மாடியில், பின்பக்கத்தில் ஒரு மூலைதான் மிச்சம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மகள் வீட்டோடு மாங்காட்டுக்குப் போய்விட்டாள். அம்மன் கோயில் பக்கத்தில் வளையல் விற்கிறாள். எனக்கு அவள் மேல் கோபம். இன்னும் கோபம்தான். வந்து ஒரு கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

என் கடை நன்றாக ஓடுகிறது. மேலே குடிவந்த ஐ.டி. பெண்கள் கல்யாண ஜாக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்தில் காபிக் கடை. ஒருநாள் பழக்கத்தில் சுவரைத் தட்டிவிட்டேன். அங்கிருந்து ஒரு பெண் வந்து, ஏதாவது பிரச்சினையா மேடம் என்று கேட்டாள். அதெல்லாம் இல்லைம்மா என்று அனுப்பிவிட்டேன். விளம்பரத்தில் போட்டிருந்த ஏரிக்காற்று மட்டும் சொன்னபடியே வருகிறது. ஒற்றை ஆளாகப் புடவையை உதறினால் அது பாதியைத் தூக்கி என் முகத்திலேயே போடுகிறது.

நேற்று அக்கா போன் செய்தாள், இத்தனை நாளில் முதல் தடவையாக. யாவாரம் எப்டி கீது என்றாள். நல்லா இருக்குக்கா என்றேன்.

“பொடவய யாரு புடிக்கிறா?”

“கதவுக் கைப்பிடியில கட்டிக்கிடுதேன்க்கா.”

“ரொம்ப இஸ்காதடி,” என்றாள். “கிழிஞ்சிடும்.”

சரிக்கா என்றேன்.