எங்கள் வீட்டில் பன்னிரண்டு மாதமும் ஆடி

போன வாரம் பக்கத்து வீட்டு வசந்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். கல்யாணமாகி நாலு மாதம். ஆடி பிறந்துவிட்டதல்லவா, அம்மா வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம்.

"முழுசா ஒரு மாசம்க்கா... அவர பார்க்காம எப்படிக்கா இருப்பேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே வசந்தா! எங்கள் வீட்டில் ஒரு தடவை வருஷம் முழுக்க ஆடி நடந்தது. இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதாத கதை. என் மாமியாரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரிந்தேன். அத்தைதான் — மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன் — டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். எங்கள் ஊரைவிட்டுப் பிரெஞ்சுக்காரன் போன பிறகும் டாக்டர் என்றால் அத்தைக்கு 'முசியே'தான். முசியே தொட்டுப் பார்த்தார், முகம் மாறியது, மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார்.

தைராய்டில் புற்றுநோய்.

கேட்டதும் உயிர்ப் பயம் வந்திருக்க வேண்டும் அல்லவா? "குழந்தை பிறக்குமா டாக்டர்?" என்றுதான் கேட்டேன். என்ன ஜென்மமோ!

மெட்ராஸ் டாக்டர் பொறுமைசாலி. ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிட்டு, ரேடியோ அயோடின் என்று ஒரு மருந்து குடிக்கக் கொடுத்தார். அதனால் சில மாதம் தீட்டு தள்ளிப்போகலாம், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். சுரப்பிக்குப் பதிலாகக் கொடுத்த மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது. "ஆனால் ஒரு வருஷத்துக்குக் கர்ப்பம் கூடவே கூடாது. அப்புறம் பெற்றுக்கொள்ளலாம் என்றுதான் நம்புகிறேன்."

நம்புகிறேன்! அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அது ஆடி மாதம்.

வந்ததும் அத்தை செய்த முதல் காரியம், மகனின் பாயைச் சுருட்டி மொட்டை மாடிக்கு ஏற்றியது.

"மழை வந்தா?" என்றார் என் வீட்டுக்காரர், பாவமாக.

"நனை."

ஆவணி வந்தது, பாய் இறங்கவில்லை. ஐப்பசி அடைமழையில் கொஞ்சம் கருணை காட்டி, மாடிப்படிக்குக் கீழே இடம் கொடுத்தார். எனக்கோ வேறு கவலை. தீட்டு நின்றுபோயிருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுவேன். மார்கழியில் ஒருநாள் அது திரும்பி வந்தது. அன்றைக்கு அத்தை பாயசம் வைத்தார்! மருமகள் தூரமானதற்குப் பாயசம் வைத்த மாமியாரை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

ஊர் சும்மா இருக்குமா? முத்தியால்பேட்டையிலிருந்து சின்னம்மா வந்தார் — அத்தையின் தங்கை. என் கழுத்துத் தழும்பை ஒரு பார்வை, வயிற்றை ஒரு பார்வை.

"இவளுக்கு ஒண்ணும் தங்காது போலருக்கேக்கா. வில்லியனூர்ல ஒரு பொண்ணு இருக்குது. நம்ம புள்ளைக்குக் கேட்டுப் பார்ப்பமா?"

அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அத்தை என்ன சொல்லப்போகிறார்?

"இவ மேல என்னாடி தப்பு? எங்க வூட்ல வருசம் பூரா ஆடிதான். அவனை மாடிக்கு அனுப்புனவ நான். கேக்கறதுன்னா என்னைக் கேளு!"

அவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைத்த கொடுமைக்காரி என்று தெருவே அத்தையைத் திட்டியது. தண்ணீர்க் குழாயடியில் எனக்குப் பரிதாபம் வேறு. தாங்க முடியாமல், "உண்மையைச் சொல்லிடலாம் அத்தே" என்றேன்.

"புத்துநோய்னு சொன்னா ஒட்டுவாரொட்டின்னு ஒருத்தியும் உன் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டா. இல்லன்னா மலடிம்பாளுங்க. என்னைத் திட்டட்டும் வுடு. எனக்கு என்ன கொறைஞ்சிடப் போவுது?"

எனக்கு வர வேண்டிய கெட்ட பெயரையெல்லாம் தன் மேல் போட்டுக்கொண்ட அந்த மனுஷிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

மறு வருஷம் மெட்ராஸ் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இனித் தடையில்லை" என்றார். சந்தோஷத்தோடு வீடு வந்தால்... நிஜமான ஆடி பிறந்திருந்தது! ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது. சாஸ்திரம் ஒன்று விடாத அத்தை. இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் பாய் எங்கள் அறைக்கே திரும்பி வந்திருந்தது. அதன் மேல் எனக்கு ஒரு புதுப் புடவை.

"அத்தே... ஆடி..."

"நம்ம வூட்டுக்கு இன்னிக்குத்தான் ஆவணி."

"சித்திரையில பொறந்துட்டா?"

"மொதல்ல பொறக்கட்டும்டி..." என்றார். குரல் உடைந்துவிட்டது. ஒரு வருஷமாக எனக்காக எத்தனை பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டிக்கொண்டு இருவரும் அழுதோம்.

பிறந்தாள். சித்திரையில், கொளுத்தும் வெயிலில், கறுகறுவென்று தலைமுடியோடு!

சின்னம்மா வந்தார். குழந்தையைப் பார்த்தார், விரலை மடக்கி மாதத்தை எண்ணினார். "என்னாக்கா இது... 'சித்திரை அப்பன் தெருவிலே'ன்னு சொல்லுவாங்களே!"

அத்தை பேத்தியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"ஆமாண்டி, தெருவுலதான் நிக்கிறான். வூடு வூடா சக்கரை குடுத்துக்கினு... போயி நீயும் வாங்கிக்க!"