மரியாம்மாவுக்குக் கோதுமைச் சுண்டல்

கப்பல்காரர்களை மாதா கோவிலுக்கு அழைத்துப்போகும் வேனை நான் ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் காட்டுப்பள்ளி துறைமுக கேட்டிலிருந்து போன். ருமேனியாக்காரர் ஒருவருக்கு ஊரில் தாயார் இறந்துவிட்டார். மாலையில் கப்பல் கிளம்பிவிடும், ஊருக்குப் போக வழியில்லை. தாயாருக்காகக் கோவிலில் ஒரு ஜெபமாவது நடக்க வேண்டும் என்கிறார்.

பேர் நிகு. ஆள் ஆறடி, முகம் கல் மாதிரி இருந்தது. அவர் சபை வேறு; அந்தச் சபைக் கோவில் பக்கத்தில் எங்கும் கிடையாது. "எங்க கோயில் பரவால்லியா?" என்று என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். தலையாட்டினார். பிறகு, "பாயில்டு வீட். ஃபார் மதர்" என்றார். மந்திரித்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமாம்.

ராயபுரத்தில் என் மனைவி பிலோமினாவுக்குப் போன் போட்டேன்.

"கோதுமைய அவிச்சி கோயிலுக்கு எத்துனு வா."

"இன்னாய்யா, ஜெபத்துக்கா, துன்றதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ விதமான பக்தியைப் பார்த்திருக்கிறேன். பிலிப்பைன்ஸ் பையன்கள் மாதா சுரூபத்தின் காலைக் கைக்குட்டையால் துடைத்து முகத்தில் ஒற்றிக்கொள்வார்கள். கொரியாக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பார்கள். நிகு பூசை முடியும்வரை உட்காரவே இல்லை. பின்வரிசை ஸ்டெல்லா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டும் அசையவில்லை.

"கோச்சிகினாராப்பா? சிலுவைகூட எடமும் வலமும் மாத்திப் போட்றாரு பாரு."

"அவுங்க வயக்கம்க்கா. நின்னுகினுதான் கும்புடுவாங்க."

பூசை முடிந்ததும் ஃபாதர் எங்களிடம் வந்தார். பிலோ பாத்திரத்தைத் திறந்தாள். கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், மேலே தேங்காய்ப் பல். அவித்த தானியம் எங்கள் வீட்டில் தாளிக்காமல் அடுப்பை விட்டு இறங்காது. நிகு அதையே பார்த்தார்.

"ஷுகர்?" என்றார் மெதுவாக.

"இனிப்பா? நீ சொல்லவேல்லியேய்யா!" பிலோ என் பக்கம் திரும்பினாள்.

வேறு செய்ய நேரமில்லை, அவர் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். பெற்ற தாய்க்கு ஒருவர் கேட்ட ஒரே காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு உடம்பு கூசியது. சட்டென்று பாத்திரத்தை மூடினேன்.

நிகு மூடியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துச் சுண்டலின் நடுவில் குத்திப் பற்றவைத்தார்.

"அம்மா பேர் என்ன?" என்றார் ஃபாதர், இங்கிலீஷில்.

"மரியா."

ஃபாதர் தமிழில்தான் ஜெபித்தார். பிறகு நிகு தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். வாங்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்டெல்லா அக்கா கையை நீட்டி, "மரியாம்மா மோச்சத்துக்குப் போவட்டும்" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். மரியா என்ற பேர் மட்டும் நிகுவுக்குப் புரிந்திருக்கும்.

கடைசியில் அவர் சாப்பிட்டார். மிளகாய் கடிபட்டு இருமினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஹாட், ஹாட்" என்று சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. காலையிலிருந்து அப்போதுதான் அழுதார். தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே பிலோவும் அழுதாள்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். அடுத்தவர் சாமி கும்பிடும் விதம் தெரியாவிட்டால் கேட்டுச் செய்யுங்கள். கேட்டும் தப்பாகிவிட்டால், பாத்திரத்தை மட்டும் மூடிவிடாதீர்கள்.