சுவருக்குப் போட்ட சட்டை

திருப்பூர் மண்ணரையில் அந்த லைன் வீட்டுக்குக் குடிவந்தபோதே பின்சுவர் ஈரமாகத்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான குளியலறை. பகல் முழுக்கத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் மாசியில் கறுப்புப் புள்ளிகள் முளைத்துவிடும். சீனியம்மாளுக்கு அதைப் பார்க்கவே ஆகாது. பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே நின்று ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று நாளெல்லாம் தேடி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சுவரிலும் கறை.

"இதுலயும் ஸ்டிக்கர் ஒட்டி எங்கிட்டயே திருப்பி அனுப்பு" என்பான் ராக்கையா. அவள் புருஷன்; அதே கம்பெனியில் டெய்லர். இருவருக்கும் சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர் பாதிக்குமேல் கறுத்தது. குளிர்நாட்டுக்குப் போகவேண்டிய கெட்டித் துணி கொஞ்சம் நிறம் மாறிப்போனதென்று கம்பெனியில் தள்ளிப்போட்டிருந்தார்கள். உள்பக்கம் கம்பளிபோல மயிர் எடுத்த துணி. ராக்கையா கேட்டு வாங்கிவந்தான். சுவரை அளந்து, மதிய இடைவேளையில் கம்பெனி மிஷினிலேயே ஒட்டுப்போட்டுத் தைத்து, நான்கு புறமும் சட்டம் வைத்து ஆணி அடித்தான். மேலே காலண்டர் மாட்டியதும் அறை பெரிய இடத்து வீடுபோல ஆகிவிட்டது.

லைனே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு மாரக்காள் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஊட்டுக்காரிக்கு ஒரு சீலை எடுத்துத் தரக் காணோம், செவுத்துக்குச் சட்டை தெச்சுப் போட்டுட்டீங்களே!"

"சுவரு சண்டைக்கு வராதுல்லக்கா" என்றான் ராக்கையா. சீனியம்மாள் சிரித்தாள். அன்று அவளால் நன்றாகச் சிரிக்க முடிந்தது.

தையில் இருமல் வந்தது. யாரும் பெரிதாக நினைக்கவில்லை. திருப்பூரில் இருமலுக்கு ஒரே காரணம்தான்: பஞ்சு. நூலிலிருந்து பறக்கும் பஞ்சைக் குடிக்காத நெஞ்சு அந்த ஊரில் ஏது? வாழைப்பழமும் வெல்லமும் தின்னச் சொன்னார்கள். தின்றாள். சித்திரையில் மூச்சு விட்டால் உள்ளே சீட்டி அடித்தது. ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது சீட்டி நின்றது. திரும்பி வந்த இரண்டாம் நாளே மறுபடி அடித்தது.

"பாத்தியா, பஞ்சேதான். இந்தூருக் காத்தே உனக்கு ஆகல" என்றான் ராக்கையா. "நீ வேலைக்கு வந்தது போதும். நான் சம்பாதிக்கிறேன், நீ வீட்டுல இரு."

ஆடியில் அவள் வேலையை விட்டாள். எதிர் சந்தில் நிட்டிங் கம்பெனி ஓடியதால், பஞ்சு உள்ளே வராமலிருக்க அவன் ஜன்னலை அடைத்து அட்டை வைத்துத் தைத்ததுபோல இறுக்கினான். அவளுக்காகப் பாயைப் பின்சுவரை ஒட்டிப் போட்டான். மெத்தென்று சாய்ந்துகொள்ளலாமே.

சாய்ந்துகொண்டுதான் இருந்தாள். வேலை இல்லை, வெயில் இல்லை, பஞ்சு இல்லை. ஆனாலும் நாளுக்கு நாள் மூச்சு குறைந்தது. பேசும்போது வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டுக் காற்றைத் தேடினாள். குனிந்து பாத்திரம் தேய்க்க முடியவில்லை. ராக்கையா வேலை முடிந்து வந்ததும் முதலில் அவள் நெஞ்சைப் பார்ப்பான். ஏறி இறங்குகிறதா என்று.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், சோறு வடிக்க எழுந்தவளால் கதவுவரைதான் வர முடிந்தது. வெளியே மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த மாரக்காள் பார்த்துவிட்டாள்.

"அட சாமி, ஏங்கண்ணு இப்படி இழுக்குது? உதடெல்லாம் நீலம் பூத்துப்போச்சே!"

ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தபிறகு சீனியம்மாளுக்கு உலகம் திரும்பிவந்தது. ராக்கையா மூச்சிரைக்க வந்து நின்றான்.

"பஞ்சுங்க சார்" என்றான் டாக்டரிடம்.

"வேலைக்குப் போறாங்களா?"

"ஆடியிலேயே நிறுத்திட்டேன் சார்."

"நிறுத்தின பிறகு குறைஞ்சுதுங்களா?"

ராக்கையா அவளைத் திரும்பிப் பார்த்தான். சீனியம்மாள் இல்லையென்று தலையாட்டினாள். "கூடிருச்சு."

"அப்போ பஞ்சு மேல மட்டும் பழி போட முடியாதுங்க. வீட்டுல சுவரு ஊறுதா? பூஞ்சை பிடிக்குதா?"

"சுவரே தெரியாது சார். பூராம் துணி போட்டு மூடியிருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "போய் அதை எடுத்துடுங்க. எடுக்கும்போது இவங்க உள்ள இருக்கக் கூடாது."

சீனியம்மாள் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே ராக்கையா சட்டத்தைப் பெயர்த்தான். துணி தன் கனத்திலேயே சரிந்து விழுந்தது. மயிர் எடுத்த உள்பக்கம் முழுக்கப் பச்சையும் கறுப்புமாக வேறொரு மயிர் வளர்ந்திருந்தது. அவள் சாய்ந்திருந்த இடத்தில் அது அடர்ந்து, தலையின் உருவத்தில் நசுங்கியிருந்தது. புளித்த வாடை வாசல்வரை வந்தது. கம்பெனியில் ஒரு பீஸில் இப்படி ஒரு பொட்டு தெரிந்தால் அந்தப் பெட்டியையே வெளியே கொண்டுபோய்விடுவார்கள்.

ராக்கையா குனிந்து துணியின் இரண்டு முனைகளையும் பிடித்தான். அவன் டெய்லர். எந்தத் துணியை எடுத்தாலும் நூலும் தூசும் போக ஓர் உதறு உதறித்தான் மடிப்பான். வருஷக்கணக்கான கைப்பழக்கம்.

"உதறாதீங்க!" என்று கத்தினாள்.

கை உதறிவிட்டது.

பூஞ்சைத் தூள் புகைபோல எழும்பி, ஜன்னல் அடைத்திருந்ததால் வேறு வழியில்லாமல் கதவுப் பக்கம் வந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். சந்து முனையைத் தாண்டவில்லை. தொண்டையை யாரோ சுருக்குப்போட்டு இழுத்ததுபோல இருந்தது. கீழே உட்கார்ந்தாள். ராக்கையா ஓடிவந்து அவள் முதுகைத் தேய்த்தான். தேய்த்த கையிலும் அந்த வாடை. "தொடாதீங்க" என்று சொல்ல நினைத்தாள். அதற்கும் மூச்சு இல்லை.

இந்த முறை ஆஸ்பத்திரியில் தங்கவேண்டியிருந்தது. ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். வெளியேறும் நாளில் மூச்சின் அளவு பார்க்க ஒரு குழாயைக் கொடுத்து முழு மூச்சாக ஊதச் சொன்னார்கள். ஊதினாள். மறுபடி ஊதச் சொன்னார்கள்.

"மருந்தை விடாம எடுத்தா இழுப்பு வராமப் பாத்துக்கலாம்ங்க" என்றார் டாக்டர். "ஆனா உள்ள கொஞ்சம் தழும்பு விழுந்திருக்கு. அந்த அளவு மூச்சு திரும்ப வராது."

"கொஞ்சம்னா?" என்றான் ராக்கையா.

"போகப்போகத் தெரியும்."

ராக்கையா ஈரமில்லாத வீடாகத் தேடினான். ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வீட்டுக்காரர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒன்று கிடைத்தது. மொட்டைமாடியில் ஒற்றை அறை, நாலு பக்கமும் காற்று, நாள் முழுக்க வெயில். சுவர் சுட்டது.

குடிபோன அன்று அவன் பாத்திர மூட்டையோடு முன்னால் ஏறினான். சீனியம்மாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் ஏறினாள். பாதி மாடிப்படியில் நின்றாள். மேலே கதவு திறந்திருப்பது தெரிந்தது. காற்றில் அது ஆடும் சத்தம்கூடக் கேட்டது.

"என்னாச்சு?" என்றான், மேலிருந்து.

பதில் சொல்வதா, ஏறுவதா. இரண்டில் ஒன்றுக்குத்தான் மூச்சு இருந்தது. அவள் ஏறினாள்.