செல்லம்மாக்கா கேட்ட தாள்

இலங்கை மலையகத்தில், எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் உணவுப் பாதுகாப்பைக் கவனிப்பது என் வேலை. அதற்கான சான்றிதழ் வாங்க, எங்களுக்கு உணவு தருகிறவர்களின் தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும்.

காலை இடியப்பம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து, செல்லம்மாக்காவிடமிருந்து வந்தது. தோட்ட நிர்வாகம் அந்த லயத்துக்கு விடும் குழாய்த் தண்ணீரைப் பதுளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். மலக்கிருமி கலந்திருப்பதாக அறிக்கை வந்தது.

அந்தத் தாளோடு போய், "அக்கா, இனி இடியப்பம் வேணாம். இந்தத் தண்ணி விருந்தாளிங்களுக்கு ஆகாது" என்றேன்.

இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. "நாங்க குடிக்கிறதும் இதைத்தானுங்க சேர்."

கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

"அந்தத் தாளைக் குடுங்க சேர். தோட்டத்து ஆபீஸ்ல காட்டுறோம். தண்ணி சரியில்லைன்னு வாயால சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

"இது ஹோட்டல் ஆவணம் அக்கா, வெளியில குடுக்க ஏலாது" என்று மடித்துப் பைக்குள் வைத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. பல மாதம் கழித்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நானே அந்தத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கிளார்க் தேதியை மட்டும் பார்த்தார்.

"இது பழைய ரிப்போர்ட். செல்லாது சேர்."

எங்களுக்கு உணவு தருகிறவர்களிடம் நான் தினமும் சொல்லும் வார்த்தை அது. வெளியே வந்தேன். லயத்துக் குழாயடியில் செல்லம்மாக்கா குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்பும்வரை காத்திருந்தார். நான் வேறு பாதையால் இறங்கிப் போனேன்.