ஹுலி ரசம்

தொண்ணூறுகளின் நடுவில் ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தபோது எனக்குக் கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆஸ்டின் டவுனில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. சுற்றிலும் தமிழ்தான். ஒரு வருடத்துக்குள் கன்னடத் தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று நியமனக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. நான் முதல் பத்தியைப் படித்த சந்தோஷத்தில் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன்.

வாரத்தில் மூன்று மாலை, அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு நடந்தது. கன்னட வாத்தியார் சிரிக்காத மனிதர். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவள். என் வயதுதான். அவளுடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கன்னடத்தில் அவளால் சண்டையே போட முடியும். ஆனால் படித்தது தமிழ்ப் பள்ளி என்பதால் ஓர் எழுத்தும் தெரியாது. நானோ மூன்றே வாரத்தில் எழுத்துகளைப் பிடித்துவிட்டேன். எதையும் வாசிப்பேன், எதுவும் புரியாது.

ஒருநாள் அவளோடு சிவாஜிநகர் பஸ்ஸில் நின்றபடி, ஜன்னலுக்கு மேலே எழுதியிருந்ததைச் சத்தமாக எழுத்துக் கூட்டினேன்.

"ம... ஹி... ளெ... ய... ரி... கெ."

"அடிப்பாவி, பொம்பளைங்களுக்குன்னு போட்டுருக்குடி!" என்றாள் அவள். அந்த இருக்கையில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசிய கன்னடம் எனக்குப் புரியவில்லை. அவர்கள் எழுந்துகொண்டார்கள்.

இப்படி அவளை நம்பியே காலம் தள்ளுவது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அப்போதுதான் அந்த விதியைக் கண்டுபிடித்தேன். பால், ஹாலு. பூ, ஹூவு. பத்து, ஹத்து. தமிழில் 'ப' என்று தொடங்கும் சொல்லைக் கன்னடத்தில் 'ஹ' ஆக்கினால் போதும்! ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினேன். பல், ஹல்லு. பாம்பு, ஹாவு. ஒரு மொழி முழுவதும் என் கைக்குள் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

சிவாஜிநகர் மளிகைக் கடையில் போய் நிமிர்ந்து நின்று, "அர்த கிலோ ஹருப்பு" என்று கேட்டேன்.

கடைக்கார பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பருப்பாம்மா? துவரம்பருப்பா, கடலைப்பருப்பா?"

பருப்புக்குக் கன்னடத்தில் பேளெ என்று என் தோழி சொன்னாள். "அப்போ பஸ்ஸுக்கு ஹஸ்ஸாடி?" என்று ரயிலேறும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அசரவில்லை. ஒரு சொல் தவறினால் விதி தவறிவிடுமா? அந்த வாரமே, பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா ஒரு கிண்ணத்தில் சாம்பார் மாதிரி ஒன்றைக் கொடுத்து, "ஹுளி" என்றார். வாயில் வைத்தால் நல்ல புளிப்பு. புளி, ஹுளி! நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

தேர்வு வந்தது. ஒரு கதையைப் படித்து, கேள்விகளுக்குக் கன்னடத்திலேயே விடை எழுத வேண்டும். தாள் மங்கலான நகல். முதல் வரி, ஊரின் பக்கத்துக் காட்டில் ஒரு ஹுலி இருந்தது என்றது. ஊர் புரிந்தது, காடு புரிந்தது. ஹுலி என்றால் புளி. காட்டில் புளியமரம் இருப்பது இயல்புதானே.

ஒருநாள் ஹுலி ஊருக்குள் வந்தது. சரி, மூட்டையில் வந்திருக்கும். மக்கள் ஓடினார்கள். வாங்கத்தான். அடுத்த வரி, ஹுலி ஹசுவை ஹிடித்தது என்றது. ஹசு, பசு. ஹிடி, பிடி. விதி பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் புளி எப்படிப் பசுவைப் பிடிக்கும்? பேனாவைக் கடித்தபடி யோசித்தேன். பசு புளியைத் தின்றிருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டது! கடைசியில் மக்கள் தமட்டெயோடு வந்தார்கள். சந்தையில் தக்காளியை டமாட்டா என்றுதானே கூவுகிறார்கள். புளியும் தக்காளியும் சேர்ந்தபின் சந்தேகம் ஏது? அதற்கும் அடுத்த வரியில் ஹுலி திரும்பக் காட்டுக்குப் போனது. மீந்ததைக் கொட்டியிருப்பார்கள்.

தாளில் இருந்த அதே ஹுலியை, எழுத்துப் பிசகாமல் எல்லா விடையிலும் எழுதினேன். முதல் ஆளாகத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். தோழி அப்போது மூன்றாவது வரியில் இருந்தாள்.

அடுத்த வகுப்பில் வாத்தியார் ஒரு தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார். மக்கள் ஏன் ஓடினார்கள்? ஹுலி வாங்க ஓடினார்கள். பசுவுக்கு என்ன ஆயிற்று? ஹுலியைத் தின்று வயிற்றுவலி வந்தது. தமட்டெயை வைத்து மக்கள் என்ன செய்தார்கள்? ஹுலியும் தமட்டெயும் போட்டு ரசம் வைத்தார்கள்.

கூடமே அதிர்ந்தது. என் தோழி மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாடி சிரிக்கிற?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஹுலின்னா புலிடி! தமட்டென்னா தப்பட்டை! புலி மாட்டைப் புடிச்சிருக்கு, ஊரே தப்பட்டை அடிச்சி வெரட்டியிருக்கு. நீ ரெண்டையும் போட்டு ரசம் வச்சிருக்கியே!"

வாத்தியார் என்னைப் பார்த்து, "ஏனம்மா, உங்க தமிழ்ல புலியும் புளியும் ஒண்ணா?" என்று தமிழிலேயே கேட்டார். அதுவரை அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. சின்ன 'ல', பெரிய 'ள' வித்தியாசத்தைத் தமிழச்சியான எனக்கு ஒரு கன்னடக்காரர் பலகையில் எழுதிக் காட்டினார். அதோடு விட்டாரா? கடையில் வாங்கும் புளிக்கு ஹுளி என்றும் சொல்வதில்லையாம், ஹுணசெஹண்ணாம். விதியை நம்பியதற்கு இரட்டைத் தண்டனை. "எழுத்துப்பிழை மட்டும் ஒண்ணுகூட இல்லை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். நூற்றுக்குப் பதினெட்டு. தோழிக்குப் பன்னிரண்டு.

மூன்று மாதத்தில் மறு தேர்வு. இந்த முறை மதிய இடைவேளைகளில் நான் வாசிக்க, அவள் பொருள் சொன்னாள். பிறகு அவள் வாசிக்க, நான் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். அதுதான் கஷ்டம். ஒரு வரியை அவள் முடிப்பதற்குள் டிபன் டப்பா காலியாகிவிடும். நான் ஊகம் செய்கிற இடத்தில் என் கையில் ஓர் அடி விழும். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன், உன்னை யாரு இன்னா பண்ணப் போறாங்க?"

மறு தேர்வில் தெரியாத நாலு சொற்களைத் தொடாமல் தாண்டிப் போனேன். ஐம்பத்தொன்று வாங்கித் தேறினேன். அவளுக்கு எழுபது. பட்டியலைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

"கதையை முழுசாப் படிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"பாதியிலயே மணி அடிக்கப் போவுதுன்னுட்டாங்கடி," என்றாள். "மீதிக்கு நானே ஒரு கதை வுட்டேன்."