மர்ஷூதாவின் கல்முனை ஸ்டேஷன்

ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே தண்டவாளம் கிடையாது. ஆனால் மருதமுனையில் மர்ஷூதாவின் முன்னறைக்குள் போய்ப் பாருங்கள், ரயில் கல்முனைக்கு வரும், சாய்ந்தமருதையும் தாண்டும். எல்லாம் ஒரு பத்தடி மேசைக்கு மேலே.

குவைத்தில் ஆறு வருஷம் வீட்டு வேலை செய்தவள் மர்ஷூதா. அங்கே கிழட்டு முதலாளிக்கு, பொம்மை மலையும் மரமுமாக ஒரு விளையாட்டு ரயில் இருந்தது. தூசி தட்டுவது இவள் வேலை, மலையிலும் மரத்திலும் கை படக்கூடாது என்பது கட்டளை. முதலாளி கண்ணை மூடி மௌத்தானதும் அவர் பிள்ளைகள் எல்லாவற்றையும் குப்பைக்குப் போட்டார்கள். எஞ்சினையும் பெட்டிகளையும் தண்டவாளத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மலையை விட்டுவிட்டாள். நம்முடைய கரையில் ஏது மலை?

ஊருக்கு வந்து தறியில் குந்தினாள். மிஞ்சிய பச்சை நூலைப் பொடியாக நறுக்கி மேசைமேல் வயல் நட்டாள். கம்பியில் நூல் சுற்றித் தென்னை வைத்தாள். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கை, வயலையும் சோற்றுக் கஞ்சியால்தான் ஒட்டியது. ஒரு கிழமைக்குள் எலி வந்து, மேசையில் சொறிக்கல்முனையிலிருந்து இறக்காமம் வரை தின்று தீர்த்தது.

"யானை உழக்கின வயல் மாதிரி இரிக்கிகா," என்று புருஷன் சீனிமுகம்மது சிரித்தார். அவர் வயற்காரர்.

"யானை உழக்கினா நீங்க வெதைக்காமயா உட்டீங்க?"

அடுத்த போகத்தைத் தச்சர்மார் பாவிக்கிற வெள்ளைக் கம் பசையால் ஒட்டினாள்.

அப்போதுதான் மகள் றிஸ்னாவுக்குச் சம்பந்தம் வந்தது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹுக்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் ஒதுங்குவது வழக்கம். மாப்பிள்ளையின் தாய் சபியா உம்மா வீடு பார்க்க வந்தார்.

"நல்ல ஊடு. இந்த மேசைய வெளிய போட்டா முன்னறை மகன் கந்தோர் வேல பாக்கத் தோதா இரிக்கும்."

"வாசலால போகாது ராத்தா. அறுக்கோணும்."

"அப்ப அறுங்களன்."

"அறுக்கமாட்டன்."

"ரெயில் வராத ஊருல ரெயில் உடுறீங்க. சின்னப் புள்ளயா நீங்க?"

"வராததாலதான் உடுறன். வந்திருந்தா ஏறிப் போயிருப்பன்."

அவர்கள் போனதும் சீனிமுகம்மது மரம் அறுக்கிற வாளை எடுத்து வந்தார். "ஒரு மேசைக்காகப் புள்ளட வாழ்க்கைய நாசமாக்காத."

"நான் குவைத்துல துடைச்ச காசுல கட்டின ஊடு இது. அஞ்சு அறையில நாலு அறை றிஸ்னாவுக்கு. ஒண்டு எனக்கு."

றிஸ்னா கதவருகில் நின்றாள். "அவங்க வேணாமெண்டு போனா, உம்மா?"

"அறைக்கு வந்தவங்க அறையோட போகட்டும். ஒனக்கு வந்தவன் நிப்பான்."

றிஸ்னா கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் தாயோடு கதைக்கவில்லை.

கல்முனை நொத்தாரிசிடம் வீட்டை எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம் வாசித்தார்கள். முன்னறை நீங்கலாக, என்று வந்ததும் சபியா உம்மா முகம் சுருங்கியது.

"இது ஊருல இல்லாத வழக்கம்."

"ரெயிலும் ஊருல இல்லாததுதான் ராத்தா."

எல்லாரும் மாப்பிள்ளை பர்ஸானைப் பார்த்தார்கள். அவன், "நாலு அறை காணும், போதும் உம்மா," என்றான். "மாமிய ஒப்பம் வைக்கச் செல்லுங்க."

மர்ஷூதா ஒப்பம் வைத்தாள். மறுநாளே மேசனைக் கூப்பிட்டு, முன்னறைக்குத் தெருப்பக்கமாகத் தனி வாசல் உடைக்கச் சொன்னாள்.

கலியாணம் முடிந்து சீனிமுகம்மது வழக்கப்படி பின்கட்டுக்கு ஒதுங்கினார். அவள் ஒதுங்கவில்லை. மேசைக்கடியில் பாயைப் போட்டுக்கொண்டாள். பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, "இவ்வளவு சண்டை புடிச்சது இந்த ஒரு மேசைக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்டு காணாது," என்றாள் மர்ஷூதா. "தெக்கால பொத்துவில் வரைக்கும் ரெயில் இன்னும் போகக் கிடக்கு."