சாமியானாவுக்குள் சித்திரைக் கத்தரி

முள்ளுக்குறிச்சி சுகுணாவின் வயலில் விளைந்த கத்தரிக்காய் ஒன்றை அரிந்து குழம்பு வைத்தால் ஒரு தெருவே பந்தி போட்டுச் சாப்பிடலாம். அரிந்தபின் எறிந்த காம்புக்கு அடியில் ஒரு கோழி குஞ்சுகளோடு மழைக்கு ஒதுங்கியதும் உண்டு. சரி, கோழி கொஞ்சம் கூடுதல். தெருவும் கூடுதல்தான். ஆனால் அந்தக் காய் செடியில் பிடிப்பதற்குள் அவள் பட்ட பாட்டில் என் சரக்கு எதுவும் இல்லை. சேர்க்க இடமும் இல்லை.

மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். சுகுணாவின் கணவன் வேலப்பனுக்குப் பயிர் என்றால் அது ஒன்றுதான். குச்சியை ஊன்றுவான், கிழங்கைப் பிடுங்குவான், லாரி ஏற்றி ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு அனுப்புவான், மறு நடவுக்கு வேண்டிய குச்சியைக் கட்டுக் கட்டாகப் புளியமரத்தடியில் நிறுத்திவைப்பான். கல்யாணமாகி வந்த நாள் முதல் சுகுணா அந்த நிலத்தில் களை எடுத்திருக்கிறாள், தண்ணீர் கட்டியிருக்கிறாள். எதை நடலாம் என்று அவளை யாரும் கேட்டதில்லை. மிளகு பறிக்கும் காலத்தில் கொல்லிமலைக்குக் கூலிக்குப் போவாள். இறங்கி வரும்போது முந்தானை முடிச்சில் ஏதாவது விதை இருக்கும். அவரையோ, பூசணியோ, பேர் தெரியாத கீரையோ. வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் ஊன்றுவாள். முளைத்ததும் ஆடு தின்னும். மறு வருஷமும் ஊன்றுவாள்.

போன தை மாதம், சோறு போடும்போது கேட்டே விட்டாள்.

"ஏனுங்க, கிணத்தோரத்து வயலை எனக்கு உடுங்க. கத்தரி போடறேன்."

"கோடைக்கா?" வேலப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "கத்திரி வெயில்ல மனுசனே பூவும் பிஞ்சுமா உதுந்து போறான். நீ கத்தரிச்செடியில காய் பாக்கப் போறியா?"

"முத்துனா சந்தைக்கு வந்துதானுங்களே ஆவோணும்."

"முத்தறதுக்கு முன்னால அது காய்க்கோணுமே, புள்ள."

மகள் கீர்த்தனா இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வேலப்பன் கெட்டவன் இல்லை. பிடிவாதக்காரன், அவ்வளவுதான். யோசித்து ஒரு கணக்குச் சொன்னான். கோடை மழை பெய்து, குச்சி ஊன்றும் அளவுக்கு மண் நனைகிற அன்றைக்கு, வீட்டில் இருக்கிற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு காய் அவள் காட்ட வேண்டும். காட்டினால் கிணற்றோரத்து வயல் என்றைக்கும் அவளுடையது. காட்டாவிட்டால் அன்றைக்கே செடியைப் பிடுங்கிவிட்டுக் குச்சி ஊன்றுவான்; அதன்பின் அந்த வீட்டில் கத்தரி என்ற பேச்சு எழக்கூடாது.

"சரிங்க," என்றாள் சுகுணா.

எந்தக் கத்தரியைப் போடுவது? அவளுக்குச் சோறு இறங்காமல் போனது அதில்தான். விதைக்கடையில் பொட்டலத்துக்கு மேல் படம் போட்ட நீலக் கத்தரி இருந்தது. நீளமாய், எண்ணெய் தடவியது போல மின்னியது. சந்தையில் எடுபடும். ஆனால் வேளாவேளைக்குத் தண்ணீர் கேட்கும், கிணறோ மாசிக்கே பாதியாகிவிடும். மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊரில் கூலிக்குப் போன வீட்டில் வெள்ளையும் பச்சையுமாகக் கை கொள்ளாத காயைப் பார்த்திருக்கிறாள். விதை கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அது மேகத்துக்குள் வளர்ந்த செடி. கீழே இறக்கினால் சித்திரை அதைச் சுருட்டிவிடும். ஊரார் போடும் பச்சை வரிக்கத்தரி ஆடிப் பட்டத்துக்கு நல்லது. கோடையில் அதைப் போட்டவர்கள் செடியைத்தான் ஆட்டுக்குப் போட்டார்கள்.

மிச்சம் இருந்தது நஜிமா வீட்டுச் செடி.

நஜிமாவின் கணவர் ஜாபர் உசேன் கல்யாணத்துக்குச் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. கொல்லைப்புறத்துச் சுவரோரம் ஒற்றை முள்ளுக்கத்தரி. இலையில் முள், காம்பில் முள், காய் மட்டும் உருண்டையாய், ஊதா வரியோடு. வேலைக்குப் போகும் வழியில் சுகுணா காலை பஸ்ஸுக்கு முன்னால் அங்கே எட்டிப்பார்ப்பாள். முந்தைய சித்திரையில் சுள்ளென்று வெயில் அதன் தலையில் அடிக்க, அடிக்க, அது காய்த்துக்கொண்டே இருந்ததைத் தன் கண்ணால் கண்டிருக்கிறாள். அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நஜிமா ஒரு காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டுக் கொடுத்தாள். சுகுணா அதைப் பிதுக்கி, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, நாற்று விட்டாள். அரை ஏக்கரும் அந்த ஒரே ரகம். மாசியில் நட்டு முடித்த அன்று வரப்பில் நின்று பார்த்தபோது, கல்யாணப் பெண்ணைப் போல் அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

செடி தழைத்தது. பங்குனிக் கடைசியில் பூத்தது. சித்திரை பிறந்ததும் உதிரத் தொடங்கியது.

காலையில் விரிந்த பூ மறுநாள் காம்போடு மண்ணில் கிடந்தது. முதலில் பத்துப் பூ, பிறகு ஒரு கைப்பிடி, பிறகு முந்தானை கொள்ளும் அளவு. ஒரு பூவை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். காய்க்கப் போகும் பூவில் நடுவே இருக்கும் மஞ்சள் கூம்பைத் தாண்டி பச்சையாய் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் மகரந்தம் ஒட்டினால்தான் பிஞ்சு. இந்தப் பூவில் நாக்கு உள்ளுக்குள்ளேயே குறுகிக் கிடந்தது. அடுத்த பூவிலும் அப்படித்தான். வயல் முழுக்க அப்படித்தான்.

சாயங்காலமானால் வேலப்பன் வரப்பில் நின்று மலையைப் பார்ப்பான். மலைத்தலையில் மேகம் கட்டுகிறதா என்று பார்ப்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு, விவசாயிதானே. கீழே கிடக்கிற பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டான். புளியமரத்தடிக்குப் போய்க் குச்சிக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளிப்பான். கணுக்கள் பச்சை கட்டத் தொடங்கியிருந்தன. அந்தக் குச்சிகள் இனி அதிக நாள் காத்திருக்காது என்பது சுகுணாவுக்கும் தெரியும். அவன் திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பாள்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல், உச்சி சாய்ந்த வெயிலில் விறுவிறுவென்று நஜிமா வீட்டுக்குப் போனாள்.

"நஜிமாக்கா, உங்க செடி என்னைய ஏமாத்திப்போடுச்சு."

"செடியக்கூட ஏசுவியா நீ? உக்காரு கண்ணு, மோர் தாரேன்."

மோரை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தவள் செடியைப் பார்த்தாள். பூ, பிஞ்சு, காய் எல்லாம் இருந்தன. செடி மேல் ஒரு பொட்டு வெயில் இல்லை. அவள் நிமிர்ந்து மேற்கே பார்த்தாள். சாமியானா மூட்டைகளை அடுக்கிய தகரக் கொட்டகை, சூரியனை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, இங்க எப்பவிருந்து நெழலு?"

"உச்சி சாஞ்சா நெழலுதான். எப்பவுமே. நீ காலையிலதானே வருவே, அப்ப கிழக்கு வெயில் நல்லா அடிக்கும்." நஜிமா அரிசி கழுவிய தண்ணீரைச் செடியடியில் ஊற்றினாள். "இதுவும் தினம் குடிக்குது, கறி கழுவின தண்ணியும் குடிக்குது. எங்க ஊட்டு மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் இல்ல."

சுகுணா எழுந்து நின்றாள். "இத ஏனுங்கக்கா அன்னைக்கே சொல்லல?"

"நீ வெதைதானே கேட்டே. நெழலையா கேட்டே?"

அவள் மோரைக் குடிக்கவில்லை. நேராகக் கடைப்பக்கம் போய் ஜாபர் உசேன் முன்னால் நின்றாள்.

"பாய், ஒரு சாமியானா வேணுமுங்க. கத்தரிக்கு."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். காது குத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், கிடா வெட்டுக்குக் கேட்டிருக்கிறார்கள். கத்தரிக்கு இதுதான் முதல் தடவை. "சீசன்ல எல்லாம் வெளிய போயிருக்கும்மா. எலி கடிச்சது ஒண்ணு கெடக்குது, எடுத்துக்க. ஆனா கம்பு கெடையாது. மூங்கில் ஒண்ணுகூட ஊர்ல இல்ல."

கம்பு எங்கே இருக்கிறது என்று சுகுணாவுக்குத் தெரியும். அது வேலப்பனுடையது என்பதும் தெரியும்.

வேலப்பன் ராசிபுரம் போயிருந்தான். அவள் புளியமரத்தடிக்குப் போனாள். கட்டை அவிழ்த்தாள். மும்மூன்று குச்சிகளைச் சேர்த்துக் கட்டி, கிணற்றோரம் ஈரமாக இருந்த வாய்க்கால் கரையில் ஆழமாக ஊன்றினாள். அரை ஏக்கருக்கு ஒரு சாமியானா எங்கே போதும்? இரண்டு பாத்திக்குத்தான் வந்தது. கிழக்கே தூக்கி, மேற்கே தாழ்த்தி, காலை வெயில் உள்ளே வரும்படி கட்டினாள். சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்ட துணி, ஓரத்தில் ஜாலர். மலைக்கு ஏறுகிற பஸ்ஸே அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது. கத்தரிக்குக் கல்யாணம் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு.

வேலப்பன் வந்து வரப்பில் நின்றான். சுகுணா களைக்கொத்தைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"பொண்ணு கத்தரி," என்றான். "மாப்பிள்ளை யாரு? என்ர குச்சியா?"

அவன் இறங்கி வந்து ஒரு குச்சியின் தோலை நகத்தால் கீறினான். உள்ளே பச்சையாய் ஈரம் கசிந்தது. "இதுல ஒண்ணு காஞ்சாலும்," என்று ஆரம்பித்தவன், மீதியைச் சொல்லாமல் போனான். அந்த மீதியை அவள் இரவும் பகலும் சுமந்தாள். குச்சி காய்ந்தால் வயலும் போகும், அவன் நடவும் போகும்.

துணிக்கு வெளியே இருந்த செடிகள் பூவை உதிர்த்துக்கொண்டேதான் இருந்தன. துணிக்குள் நஜிமா கொடுத்தனுப்பிய அரிசித் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தாள். ஒரு காலை குனிந்தபோது, மஞ்சள் கூம்பைத் தாண்டி பச்சை நாக்கு வெளியே நீட்டியிருந்தது. தொடவில்லை. மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. பிறகு ஒரு பிஞ்சு, கோலிக்குண்டளவு. இலைமறைவில் இன்னொன்று.

அவை கைக்கு அடங்கும் காயாகத் திரண்ட வேளையில் மலை கறுத்தது.

சாயங்கால பஸ் மலையிலிருந்து நனைந்தபடி இறங்கி வந்தது. மேலே கொட்டுகிறது என்று கண்டக்டர் கத்திக்கொண்டே போனார். குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி, சாமியானாவுக்குள் புகுந்து, அதைப் பானை வயிறாக ஊதியது. பின்னாலேயே மழையும் கொட்டியது. கட்டுகள் முனகின. சுகுணா ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடித்தாள். எதிர் மூலை பிய்த்துக்கொண்டது. துணி செடிமேல் அறைந்தால் காய் ஒன்றுகூட மிஞ்சாது. ஒற்றைக் கையால் எதை எட்டுவது?

யாரோ சேற்றில் ஓடி வரும் சத்தம். "என்ர குச்சி போவுது, என்ர குச்சி," என்று சொல்லிக்கொண்டே வந்தான் வேலப்பன். ஆனால் குச்சியை அவன் தொடவில்லை. பறந்த துணியைத் தாவிப் பிடித்து, மழை ஓயும்வரை அதன்மேல் தன் கனத்தைப் போட்டு நின்றான்.

விடிந்தபோது மண்ணில் கால் புதைந்தது. குச்சி ஊன்றும் ஈரம். கணக்கு முடிகிற நாள்.

வேலப்பன் வரப்பில் நின்றான். கீர்த்தனா பாட்டுப் பாடாமல் பல் விளக்கினாள். சுகுணா முள் குத்தக் குத்த இலைகளை விலக்கினாள். ஒரு காய். இரண்டாவது பாத்தியில் இன்னொன்று. பிறகு எதுவும் இல்லை. பாத்தியை மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தாள், மண்டியிட்டுப் பார்த்தாள். மேற்கு மூலையில், நேற்று அவன் பிடித்து நின்ற இடத்துக்குக் கீழே, மண்ணைத் தொட்டபடி ஒன்று தொங்கியது. மூன்றையும் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். மூன்றாவதை எடுத்தபோது காம்படியில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டான். "ஆளுக்கொண்ணு. சரியாப் போச்சு," என்றான். அன்றைக்கு, ஊரே பார்த்திராத அதிசயமாக, அவனே அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து காய் அரிந்தான். அவளைக் கிட்டத்தில் விடவில்லை. கிணற்றோரம் நின்ற குச்சிகள் வேர் பிடித்துவிட்டிருந்தன. அவற்றை அங்கேயே விட்டுவிட்டு, மிச்சத்தை மேட்டு வயலில் ஊன்றினான். இப்போது சுகுணாவின் பாத்திகளுக்கு மேற்கே அந்த மரவள்ளிதான் நிழல்.

அன்றைய குழம்புக்குச் சுகுணாவின் மூன்று காயும் கோயில் மணி மாதிரி, ஒரு பூச்சிக்கடி இல்லாமல் இருந்தன என்று நான் இந்தக் கதையை அவர்கள் வீட்டு வாசலில் வைத்துச் சொல்லி முடித்தபோது, குச்சிக் கட்டுக்கு மேல் உட்கார்ந்திருந்த வேலப்பன் தொண்டையைச் செருமினான். மனைவி பக்கம் அவன் திரும்பவில்லை.

"நல்ல காய் ரெண்டுதானுங்க. மூணாவது சொத்தை. ஓட்டை காம்புக்குக் கீழ இருந்துச்சு."